ஐந்து வயதின் அளவு

நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பருத்திப் பாவாடை அது. செய்யூருக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில், சர்ச்சுக்குப் பக்கத்துச் சின்ன அறையில், கிறிஸ்துமஸ் அன்று காலை ஒரு சின்னப் பெண் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பாவாடை இடுப்பில் ஒரு நொடி நின்று யோசித்தது; பிறகு நழுவி, அவள் காலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துவிட்டது. குழந்தை சிரித்தாள். அவளுடைய அத்தை சிரித்தார். அவளைப் பெற்றவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பாவாடைக்கு அளவு சொன்னவள் நான்.

பெற்றவரை எங்கள் லைனில் எல்லோரும் எலாஸ்டிக் அக்கா என்று கூப்பிடுவோம். செங்கல்பட்டுக்கு வெளியே, வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் அப்போது லைன் சூப்பர்வைசர். டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை. இருபத்துமூன்று வயது, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் நிறையவே கனம். அக்காவுக்கு முப்பது தாண்டியிருக்கும். இந்த மாதிரிக் கம்பெனிகளில் ஒரு உடையை ஒருவரே முழுதாகத் தைப்பதில்லை. வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். ஒருத்தி பக்கம் சேர்ப்பாள், அடுத்தவள் ஓரம் மடிப்பாள், இன்னொருத்தி பாக்கெட் வைப்பாள். ஏழு வருடமாக அக்கா செய்தது ஒன்றே ஒன்றுதான், இடுப்பில் எலாஸ்டிக் வைப்பது. அவர் இழுத்துப் பிடித்துத் தைத்தால் சுருக்கம் சுற்றிலும் ஒரே சீராக விழும். பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டே தைத்தாலும் அப்படித்தான். என்னால் அதில் பாதிகூட முடியாது. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கணவர் இறந்தபின் அக்கா குழந்தையை ஊரில், தான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாரிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். கம்பெனி பஸ் அவர் ஊர் வரைக்கும் போகாது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய் வருவார். குழந்தை நாத்தனாரை அம்மா என்றும், இவரைக் கம்பெனி அம்மா என்றும் கூப்பிட்டது. இதை அக்கா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஒரு டிசம்பர் மாதம், சாப்பாட்டு வேளையில், அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சண்டே ஸ்கூலில் குழந்தை தன் கம்பெனி அம்மா பெரிய டெய்லர் என்று பெருமை அடித்திருக்கிறாள். அப்படியென்றால் உனக்கு என்ன தைத்துக் கொடுத்தாள் என்று மற்ற பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி அம்மா வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தைக்கும் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று பிள்ளைகள் கையசைத்துப் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. அதற்குத் தன் கையால் தைத்ததைத்தான் மகள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அக்கா முடிவு செய்திருந்தார்.

"எனுக்கு இடுப்பு மட்டுந்தான் மேடம் தெரியும். முழுசா ஒரு பாவாட தச்சதே இல்ல" என்றார். வெட்கப்பட்டுச் சொன்னார். வெட்கப்பட அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் இருந்தது. காகித மாதிரியை விரித்து, குண்டூசி குத்தி, பரீட்சைக்காக நான்கு உடை தைத்தவள் நான். காகிதம் இல்லாமல் துணியில் கத்திரி வைக்க எனக்கும் பயம்.

ஆனால் சின்னப் பெண்ணின் பாவாடைக்கு மாதிரி எதற்கு? ஒரு நீளத் துண்டு. இடுப்பைப் போல இரண்டு மடங்கு அகலம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நீளம். மேலே எலாஸ்டிக் நுழைய ஒரு மடிப்பு, கீழே ஓரத்துக்கு ஒரு மடிப்பு. பக்கத்தைச் சேர்த்தால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்தார். என்னிடம் இருந்தது கால்மிதி மெஷின். கம்பெனியில் மின்சார மெஷினைப் பறக்கவிடும் அக்காவுக்கு அது அடங்கவே இல்லை. மிதித்தால் பின்பக்கம் சுற்றியது, நூல் அறுந்தது. இன்னா மேடம் இது, மாட்டு வண்டியா என்று கேட்டார். நான் மிதிக்க, அவர் துணியைத் தள்ள, இரண்டு பேரும் ஒரு மெஷினில் உட்கார்ந்து தைத்தோம்.

வெட்டுவதற்கு முன்னால்தான் அது நடந்தது. அக்கா தன் போனைக் கையில் எடுத்தார். "அண்ணிக்கு ஒரு போன் போட்டு அளவு கேட்டுடட்டா? அது ஒல்லிப் புள்ள மேடம்" என்றார். நான் என் போனைத் திறந்து கம்பெனியின் அளவுப் பட்டியலைக் காட்டினேன். "அஞ்சு வயசுன்னா அஞ்சு வயசு அளவுதான்க்கா. இதுல எல்லாம் இருக்கு" என்றேன். ஏழு வருடமாக அந்தப் பட்டியல் சொன்னபடி கையை அசைத்தவர் அவர். அதை நம்பினார். போனைக் கீழே வைத்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதியும் தெரிந்தது. தன் பிள்ளையின் அளவை நாத்தனாரிடம் கேட்க அவருக்கு மனசே இல்லை.

எந்தக் குளிர் தேசத்திலோ பாலும் வெண்ணெயும் தின்று வளர்ந்த ஐந்து வயதுக்குத்தான் அந்தப் பட்டியல் பொருந்தும். செய்யூர்ப் பக்கத்து ஐந்து வயது முருங்கைக் குச்சி மாதிரி இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு அக்கா கூப்பிட்டு நானும் ஊருக்குப் போயிருந்தேன். பாவாடை தரையில் விழுந்ததும் நாத்தனார் சிரித்துக்கொண்டே குனிந்து அதை எடுத்தார். கெட்ட மனுஷி கிடையாது. அந்தக் குழந்தையைச் சீவிச் சிங்காரித்து, கன்னத்தில் பவுடர் அப்பி அழைத்து வந்திருந்தவர் அவர்தான். சொன்னது மட்டும் இது: "இன்னாம்மா, பெத்தவளுக்குப் புள்ள அளவு தெரியாதா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமான பார்வை இல்லை. பிறகு, "நாந்தான் அண்ணி, தப்பா வச்சுட்டேன்" என்றார்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அளவு நான் சொன்னது என்று சொன்னால் போதும். ஆனால் கம்பெனி மேடம் வந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டு, தட்டில் கேக்கும் முறுக்கும் வைத்திருந்தார்கள். அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோரணத்துக் காகிதப் பூவைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் வெறுப்பு வருகிறது.

நாத்தனார் வளையலில் இருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினார். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. தரையில் உட்கார்ந்து, இடுப்பு மடிப்பின் தையலைப் பல்லால் பிரித்து, எலாஸ்டிக்கை வெளியே உருவினார். குழந்தையைத் தன் முன்னால் நிறுத்தி, இடுப்பைச் சுற்றி அதைப் பிடித்தார். நான்கு விரல் அளவு அதிகமாக இருந்தது. அதை வெட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கடகடவென்று வெட்டி, ஊசி கேட்டு வாங்கிக் கையாலேயே முடித்தார். கீழே தரையில் புரண்ட நீளத்தை மடித்து, பெரிய தையலாக ஓட்டினார். வெளியில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தாயிற்று. இவள் கடைசியாக ஓடிப்போய் நின்றாள். பாட்டில் கைகள் மேலே போன ஒவ்வொரு தடவையும் ஊர் முழுக்க பிள்ளைகளின் கையைப் பார்த்தது. அக்கா இடுப்பைப் பார்த்தார். பாவாடை நின்றது.

திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மதுராந்தகம் வரைக்கும் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஜனவரி மாத டார்கெட்டைப் பற்றிப் பேசினேன்.

ஜனவரியில் அக்கா வேலையை விட்டார். காகிதத்தில் குடும்பக் காரணம் என்று எழுதியிருந்தார். அவசரப்படாதீர்கள் என்று நான் தடுத்தேன். அதில் பாதி அக்கறை, பாதி லைனைப் பற்றிய கவலை. "புள்ள எவ்ளோ ஒசரம்னு யாராச்சும் கேட்டா, நானு அண்ணி மூஞ்சியப் பாக்கக் கூடாது மேடம்" என்று மட்டும் சொன்னார். அவர் இடத்தில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தேன். நல்ல வேலையில் இருந்த ஒருவரை என் வாய்க்கொழுப்பும் பிறகு என் மௌனமும் சேர்ந்து துரத்திவிட்டன என்று பத்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உடை வடிவமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன மாதம் மாமல்லபுரத்தில், கடற்கரைக்குப் போகும் தெருவில், வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி விற்கும் கடைகளைத் தாண்டிப் போகும்போது மேடம் என்று ஒரு குரல் கேட்டது. ஒற்றை ஷட்டர் கடை. வாசலில் வரிசையாகப் பாவாடைகள் தொங்கின. மெஷினுக்குப் பின்னால் அக்கா, முன்தலை நரைத்து. எல்லாம் தானே வெட்டித் தைப்பதாகச் சொன்னார். அம்மாவோடு வந்து நிற்கும் பிள்ளையின் இடுப்பில் ஒரு சாண் வைத்துப் பார்ப்பாராம், அவ்வளவுதான். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அம்மாவைவிட இரண்டு விரல் உயரம்.

இந்தத் தடவை நான் தட்டிக் கழிக்கவில்லை. "அந்த அளவு நான் சொன்னதுக்கா. அன்னைக்கே அண்ணிகிட்ட சொல்லியிருக்கணும். இத்தனை வருஷமா எனக்கு மனசு ஆறல" என்றேன்.

அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க எங்க வாயத் தொறந்துடுவீங்களோன்னு பயந்துகினு இருந்தேன் மேடம். மேடம் சொன்ன அளவு தப்புன்னு ஆயிருந்தா, நானும் சிரிச்சிட்டு, பஸ் ஏறி வந்து, இன்னும் அங்கயே எலாஸ்டிக் வச்சுகினு இருந்திருப்பேன். அது என் தப்பாவே இருக்கட்டும். நீங்க பங்குக்கு வராதீங்க."

அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூடம் விட்டு மகள் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். இருந்தேன்.