கொய்யாப்பழம் என்றான் ரஃபீக்

நேற்று கைபேசியில் ஒரு பையன் பீர் டின்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு 'வேற லெவல், வேற லெவல்' என்று கத்தினான். என்ன வாசனை, எப்படிக் கசந்தது, ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாங்கள் மூன்று நண்பர்களும் பீரைப் பற்றி எழுதியவர்கள்தான், வலைப்பதிவுக் காலத்தில். காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு தமிழில் பீர் பதிவு. வாசகர்கள் எல்லோரும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்குவார்கள். அதிலும் பாதிப் பேர் திட்ட வந்தவர்கள்.

தட்டச்சு என் வேலை. வரதன் சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பம். பாட்டிலைக் கையில் பிடிக்கப் பயந்து, சொம்பில் ஊற்றித்தான் குடிப்பான்.

"யாராவது கேட்டா பானகம்னு சொல்லுங்கடா."

"பானகத்துல நுரை எங்கடா வரும், சாமி?" என்பான் ரஃபீக்.

ரஃபீக் அத்தர் கடைக்காரன். குடிக்கவே மாட்டான். எங்கள் பதிவுக்கு மூக்கு அவன்தான். "குடிக்கிறதுதானேபா தப்பு, மோந்து பாக்குறதுல இன்னா?" என்று தம்ளரைச் சுழற்றி, கண்ணை மூடுவான். அவன் சொல்லும்வரை யாரும் வாயில் வைக்கக்கூடாது. அதுதான் சட்டம். ஒருமுறை, "நனைஞ்ச அட்டைப்பெட்டிபா. இதுக்கா என்னை வெயில்ல இட்டுக்கினு வந்தீங்க?" என்றான். குடித்தோம். அட்டைப்பெட்டியேதான். எங்கள் முதல் பதிவின் முதல் வரியும் அவனுடையது: 'வெயிலில் வைத்த கொய்யாப்பழம்.' அந்த வரியை நானே எழுதியதாக வெளியில் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஜில்லென்று பீர் கேட்டால் கடையில் முறைப்பார்கள். அதனால் பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டுவோம். வாலாஜாபாத் தாண்டித் தென்னேரி ஏரிக்கரை போய்ச் சேர்வதற்குள் எதிர்க்காற்று குளிரவைத்துவிடும். ஈரச் சாக்கு நாற்றம் எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் நாக்கு கசக்கிறது. திரும்பும்போது வண்டி ஓட்டுவது எப்போதும் ரஃபீக். நாங்கள் இருவரும் பின்னால் பாடிக்கொண்டு வருவோம். கேவலமாகப் பாடுவோம்.

வரதன் வெளிநாடு போனான். பதிவு நின்றது. அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரில் பலருக்குப் போன வாசனை சில வாரத்தில் திரும்பியது. ரஃபீக்குக்கு மட்டும் திரும்பவில்லை. அத்தர் பாட்டில்கள் நின்ற அலமாரியில் இப்போது செல்போன் கவர்கள் தொங்குகின்றன. வரதன் போனில் கேட்டபோதெல்லாம், "வந்துடுச்சுப்பா, நல்லா இருக்குது" என்றே சொல்லியிருக்கிறான். என்னையும் வாயைத் திறக்கவிடவில்லை.

போன மாதம் வரதன் வந்தான். துணியில் பொதிந்து ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். வாடகைக் கார் எடுத்துத் தென்னேரிக்கே போனோம். கறுப்புப் பீர். திறந்ததுமே காப்பிக்கொட்டை வறுத்த வாசனை என் மட்டமான மூக்கிலேயே ஏறியது. வரதன் குடிக்கவில்லை. தம்ளரை ரஃபீக்கிடம் நீட்டினான்.

"உனக்காகத்தான்டா தூக்கிண்டு வந்தேன். சொல்லு."

ரஃபீக் சுழற்றினான். கண்ணை மூடினான். நெடுநேரம் மூடியே இருந்தான்.

"கொய்யாப்பழம்பா. வெயில்ல வெச்ச கொய்யாப்பழம்."

வரதன் பாய்ந்து வாங்கி மோந்தான். "ஆமாண்டா! கொய்யாவேதான்!" அவனுக்கு என்றைக்கும் ரஃபீக் சொல்வதுதான் வாசனை. "பிளாகை மறுபடி ஆரம்பிக்கலாம்டா. நீ என்னடா சொல்றே?" என்று என் பக்கம் திரும்பினான்.

ரஃபீக்கும் என்னைப் பார்த்தான். நான் எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவன். ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசாததற்கு அதுதான் காரணம்.

"கொய்யாதான்," என்றேன்.

திரும்பும்போது ரஃபீக் ஓட்டினான். வரதன் பின் சீட்டில் தூங்கிவிட்டான். பாட்டு இல்லை. வாலாஜாபாத் அருகே சாலையோரம் குப்பை எரிந்துகொண்டிருந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். புகை ரஃபீக் முகத்தில் அடித்தது. அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றவே இல்லை.