கடைப் போனுக்கு ஒரு வாரிசு

எதிர்க்கடைக்காரர் போய்ச் சேர்ந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அவருடைய போனை யாராலும் திறக்க முடியவில்லை. வெல்லம், சர்க்கரை மொத்த வியாபாரம். ஆர்டர்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. வீட்டார் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கடையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். திருவனந்தபுரம் ஆரியசாலை முழுக்க அதுதான் பேச்சு. மறுநாளே என் மகன் கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு அப்போதே பொறி தட்டியது. காரியம் இல்லாமல் அவன் என் பக்கத்தில் உட்காருகிறவன் இல்லை.

“அப்பா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா கடை அப்படியே நின்னுபோவும். மெயில், பேங்க், வரி, எல்லாத்துக்கும் ஓடிபி உங்க நம்பருக்குத்தானே வருது? இதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு, கேட்டீங்களா. கொஞ்ச மாசம் நீங்க மெயிலத் திறக்கவே இல்லன்னா, நீங்க சொல்லிவச்ச ஆளுக்குத் தகவல் போவும். உள்ளே இருக்கறத எல்லாம் அந்த ஆளு எடுத்துக்கலாம். ஒரு பேரு குடுத்தாப் போதும்.”

“யாரு பேரு?”

“யாரானாலும். உங்க இஷ்டம்.”

இஷ்டம் என்று வாய்தான் சொன்னது. கண் போன்மேலேயே இருந்தது.

மூட்டையின் வாயில் நல்ல மிளகாய் வற்றலை வைத்து, அடியில் ஈரச் சரக்கை மறைக்கிறவர்களோடுதான் என் ஆயுசு போயிருக்கிறது. கையை அடிவரை விட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. மூட்டுவலி வந்த பிறகு குடோன் பக்கம் போவதை விட்டேன். பில் போடுவதெல்லாம் கம்ப்யூட்டரில், மகன் பொறுப்பில். எனக்கு மிஞ்சியது கல்லாவும் இந்தப் போனும்தான். வெளியூர்க் கடைக்காரர்கள் இதற்குத்தான் ஆர்டர் அனுப்புகிறார்கள். இது என் கையில் இருக்கும்வரை நான் முதலாளி. கொடுத்துவிட்டால் கடையில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கும் கிழவன். பயல் அடிமடியிலேயே கை வைக்கிறான் என்று நினைத்தேன்.

ஏற்கெனவே அடிக்கடி பாஸ்வேர்டை மாற்றுகிறவன் நான். மாற்றியதை மறந்துபோய், பூட்டிக்கொண்ட போனைப் பார்த்தபடி பகல் முழுக்க உட்கார்ந்திருந்ததும் உண்டு. அப்போதுகூட அவனைக் கூப்பிட்டதில்லை.

பெயர் கொடுக்கத்தான் வேண்டும், எதிர்க்கடையின் கதி நமக்கு வரக்கூடாது. ஆனால் யார் பெயர்? மனைவியிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் மகனுக்குப் போய்விடும். மருமகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசியில் காட்டாக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். மலையாளி, என் வயதுக்காரர், காட்டாக்கடை என்ற ஊரில் பலசரக்குக் கடை. ஆரம்ப நாள் முதல் என்னிடம்தான் சரக்கு. இப்போதும் வாரந்தோறும் என் போனுக்கு ஒரு செய்தி வரும்: வற்றல் ஐந்து கிலோ, மல்லி ஐந்து கிலோ. முன்பெல்லாம் மூட்டைக் கணக்கில் வாங்கியவர். பாவம், வியாபாரம் படுத்துவிட்டது போல என்று நினைத்திருந்தேன். கரமனையில் ஒரு துக்கம் விசாரிக்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, கிழக்கேகோட்டையில் காட்டாக்கடை பஸ் ஏறினேன்.

அவர் பால் விடாத கட்டன்சாயா வரவழைத்தார். நான் விஷயத்துக்கு வருவதற்குள் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. எங்கள் கடை ஆட்டோ. மூட்டை மூட்டையாக இறங்கியது. வற்றல், மல்லி, சீரகம். ஒவ்வொரு சாக்கிலும் எங்கள் முத்திரை. அந்த வாரம் என் போனுக்கு அவர் கேட்டிருந்தது வெறும் ஐந்து கிலோ.

மகனின் கள்ளத்தைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். இத்தனை நாள் சந்தேகப்பட்டது வீண்போகவில்லை.

“எனக்குத் தெரியாம எத்தனை நாளா நடக்குது இது?” என்றேன்.

அவர் சாக்குகளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி தப்பா எடுக்கக் கூடாது. ஓர்டர் எல்லாம் உங்க மோனுக்குத்தான் அயக்கிறது, கொறே காலமாச்சு. அண்ணாச்சிக்கு அயச்சா பதில் வராது, போன் பூட்டிக் கெடக்கும். பின்னே என்ன செய்ய? அப்போ மோன்தான் நேர்ல வந்து சொன்னான். சின்னதா ஒண்ணு அப்பாவுக்கும் அயச்சிடுங்க, இல்லேன்னா அவருக்குச் சங்கடமாகும்னு.”

“உங்கிட்ட மட்டுமா?”

“எல்லாக் கடையிலயும் சொல்லியிருக்கான்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அப்படி ஓர் அவமானத்தை நான் பட்டதில்லை. நான் செத்த பிறகு நடக்க வேண்டியது, நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே நடந்து முடிந்திருக்கிறது. கடை அவனிடம் போய்விட்டது. எனக்குத் திதி கொடுப்பதுபோல வாரம் ஐந்து கிலோ. வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை. நான் வந்துபோனது மகனுக்குத் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகன் முகமே கண்ணில் நின்றது. யாரிடமும் தலை சொறிந்து நிற்காதவன், எனக்காகக் கடை கடையாய் ஏறி இறங்கியிருக்கிறான். பிள்ளையை நினைத்து உருகிப்போனேன். ஆனால் திருமலை ஸ்டாப் வருவதற்குள் பழைய புத்தி திரும்பிவிட்டது. அப்பாவை நோகாமல் வைத்திருந்தால்தானே ஒருநாள் அந்தப் பெயரைக் கொடுப்பார்?

பெயரைக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நானே அடித்தேன். அவன் பெயர்தான். வேறு யாருக்குக் கொடுக்க? ஆனால் அவனிடம் சொல்லவில்லை. இப்போதும் அவ்வப்போது கேட்கிறான். “பாக்கலாம்டே” என்கிறேன். ஐந்து கிலோவுக்குச் செய்தி வருகிறது. நான் சத்தமாகப் படிக்கிறேன். அவனும் புதிதாகக் கேட்பவன்போலத் தலையாட்டிவிட்டுப் போகிறான்.

பெயர் கொடுத்ததை அவனிடம் சொன்ன பிறகும் அந்த ஐந்து கிலோ செய்தி வந்தால் அது பாசம். நின்றுவிட்டால்? அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கல்லாவில் உட்கார என்னால் முடியாது. நான் போய்ச் சில மாதம் கழித்து அவனுக்கு ஒரு தகவல் வரும். அப்பா நம்பியது தன்னைத்தான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரியும்.