அண்ணன் கட்டிய கம்பியில் ஒரு சிறுத்தை

இதை எழுத வேண்டாம் என்று சொந்தக்காரர் மூன்று பேர் போன் பண்ணிவிட்டார்கள். "குடும்ப மானம் கப்பலேறிரும்" என்றார் ஒருவர். ஏறட்டும். எழுதத்தான் போகிறேன்.

போன சனிக்கிழமை பனிச்சங்கேணியில் அண்ணன் வீட்டில் நின்றேன். விடிந்ததும் வயல் வட்டைப் பக்கமிருந்து ஒரே சத்தம். வயல் வேலியோரம் பன்றிக்கென்று அண்ணன் கட்டி வைத்த கம்பிச் சுருக்கில் — பழைய மோட்டார் சைக்கிள் கிளச் வயர்தான் — ஒரு சிறுத்தை மாட்டியிருந்தது. கம்பி இடுப்பைச் சுற்றிக் கிடந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது.

எங்கள் பக்கம் பன்றிக்குக் கம்பி கட்டுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. நெல் கதிர் வந்தால் கம்பியும் வந்துவிடும். பன்றிக்குக் கட்டியதில் பன்றி மட்டும்தான் விழும் என்று ஒரு நம்பிக்கை... கம்பிக்கு அது தெரியுமா?

போய்ப் பார்த்தால் ஊரே நிற்கிறது, கையில் போனோடு. நடுவில் ஒரு வாக்குவாதம் வேறு. "இது சீட்டா" என்கிறார் ஒருவர். "இல்ல, ஜாகுவார். டிவியில பாத்தனான்" என்கிறார் மற்றவர்.

நான் சும்மா இருந்தேனா? இருபது வருடம் கல்லடிப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த வாய். சீட்டாவுக்குக் கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இருக்கும், ஜாகுவார் அமெரிக்காப் பக்கத்து மிருகம், அதன் வளையங்களுக்குள் புள்ளி இருக்கும், வரிப்புலி நம் காடுகளில் இல்லை, சிங்கம் இலங்கைக் கொடியில் மட்டும்தான்... என்று தொடங்கிவிட்டேன். நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வகுப்பை நிப்பாட்டுகா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணனின் மனைவி, தவமணி மச்சாள். "அது மூச்சுவிடக் கஷ்டப்படுது. ஆக்களைப் பின்னால போகச் சொல்லு."

வெட்கமாக இருந்தது. பெயரைச் சரியாகச் சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேனே.

அண்ணன் மச்சாளை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "கொஞ்ச நேரத்தில செத்திரும். புதைச்சிருவம். வனஜீவராசிக்காரர் வந்தா என்னைத்தான் புடிப்பாங்க. வழக்கு, மறியல்ல அடைப்பாங்க..." எனக்குப் பாவமாகவும் இருந்தது. கூடப்பிறந்தவர் அல்லவா?

மச்சாள் போனை எடுத்து வனஜீவராசிக்காரரையே கூப்பிட்டார். "சிறுத்தை ஒண்டு கம்பியில மாட்டிக் கிடக்கு. உயிரோட இருக்கு. கெதியா வாங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆர் கட்டினதெண்டோ? என்ட புருசன்" என்றார்.

பிறகு மண்வெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு சனத்துக்கு முன்னால் போய் நின்றார். "படம் எடுக்கிற ஆக்கள் என்னை எடுங்க. அதுக்குக் கிட்டப் போகப்படாது." இரண்டு மணித்தியாலம். ஒருவரும் தாண்டவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன் — வாயை மூடிக்கொண்டு.

அதிகாரிகள் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, சிறுத்தையைக் கூண்டில் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டது என்று நேற்றுத் தகவல் வந்தது. அண்ணன் பிணையில் வீட்டுக்கு வந்திருக்கிறார். மிச்சம் இருந்த கம்பிகளைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டார். பக்கத்து வயல்களில் கம்பி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? மச்சாள் புருசனைக் காட்டிக்கொடுத்தவளாம். கம்பி கட்டியவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மையைச் சொன்னவருக்குத்தான் பட்டம். நல்ல நியாயம்.

இதை மச்சாளிடமே சொன்னேன். அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவேயில்லை.

"காட்டிக்குடுத்தவளெண்டா கோர்ட்டுக்கு அவரைத் தனிய அனுப்பியிருப்பன். நானும்தானே கூடப் போறன்."