கறுப்பு அட்டை ஆல்பம்

இதைப் படித்துவிட்டுக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மணி உட்படச் சரியாக எழுதுவேன். அன்று என் கையில் கடிகாரம் இருந்தது. அதை நான் பத்து தடவைக்கு மேல் பார்த்தேன்.

பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். "பெரியவரே, உங்ககிட்ட இருந்ததுல நல்ல ஆல்பம் எது? எதைக் கேக்கலாம்?" என்கிறார்கள். மலிவாக வாங்கி விற்கத்தான் வருகிறார்கள். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சொல்வேன்.

அந்தக் காலத்தில் ஆல்பம் என்றால் புத்தகம். கெட்டி அட்டை. உள்ளே பன்னிரண்டு காகித உறை. உறைக்கு ஒரு பிளேட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும். என்னிடம் நான்கு ஆல்பம் இருந்தன.

சிவப்பு அட்டையில் சாமிப் பாட்டு. முதல் உறையில் பிள்ளையார், கடைசி உறையில் மாதா. இந்துக்கள் வீட்டில் முன்னாலிருந்து போடுவேன், எங்கள் சனத்து வீட்டில் பின்னாலிருந்து போடுவேன். விடியற்காலையில் கேட்க அதற்கு மேல் கிடையாது. பச்சை அட்டையில் கல்யாணத்துக்கான சினிமாப் பாட்டு. அதில் மூன்றாவது பிளேட்டில் ஒரு கீறல். "வா... வா... வா..." என்று ஒரே இடத்தில் நிற்கும். பிள்ளைகள் அதைக் கேட்கவே கூடுவார்கள். நீல அட்டையில் நாகசுரமும் தவிலும். பந்தி நடக்கும்போது போட்டால் சாப்பிடுகிறவன் இன்னொரு கை சோறு கேட்பான். இந்த மூன்றையும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

நாலாவது கறுப்பு அட்டை. அதைக் கேட்கச் சொல்லி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

என் பெயர் இன்னாசி. பொம்மிடியில் மைக் செட் வைத்திருந்தேன். சாவி கொடுத்துச் சுற்றும் பிளேட்டுப் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, ஒரு குழாய் ஸ்பீக்கர். இவ்வளவுதான் என் சொத்து. இதை யார் கையிலும் தர மாட்டேன். கூடப் பிறந்த அண்ணனிடம்கூடத் தந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் இல்லையென்றால் செட்டு வைப்பார்கள். சொந்தம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பக்கம் குழாயைத் திருப்புவேன். கறுப்பு ஆல்பத்தின் முதல் பிளேட்டைப் போடுவேன். ஒரு பொம்பளையின் ஒப்பாரி அது. காதில் விழுந்ததும் அந்த ஊரில் இருக்கிறவர்கள் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது பாட்டு இல்லை, தந்தி. என் பிளேட்டில் ஒரு விரிசல் இருந்தது. சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று கேட்கும். அந்த 'டக்'கை வைத்தே, இது இன்னாசி பிளேட்டு என்று சொல்லிவிடுவார்கள்.

1970, தை மாதம். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அர்ச்சுனன் என்பவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் செட்டு.

என் மனைவி லூர்தம்மாளுக்கு அப்போது எட்டு மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இதுவாவது தங்க வேண்டும் என்று வேளாங்கண்ணிக்கு வேண்டியிருந்தோம்.

"இன்னிக்கு ஒரு நாள் போவாதீங்க. இடுப்பு ஒரு மாதிரியா இருக்குது" என்றாள்.

"நான் பக்கத்துல உக்காந்தா இடுப்பு சரியாப் போயிடுமா?"

"ஆமா, உங்க மூஞ்சியப் பாத்தா இருக்குற வலியும் பயந்து ஓடிடும். போங்க, போங்க" என்று சிரித்தாள்.

அடுத்த தெருவில் இருந்த என் அண்ணன் யாகப்பனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். சிரித்தபடி வாசலில் நின்றாள். அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் உயரமான சுற்றுச்சுவரோடு ஒரு கிணறு. நான் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. கிணற்றுக்குப் பத்தடி தள்ளி எனக்கு ஓலைக்கொட்டாய் போட்டிருந்தார்கள். பெண் வீடு அரூர்ப் பக்கம். அதனால் புளியமரத்தில் ஏறி, குழாயை வடக்கே பார்க்க வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஐந்தேகாலுக்குப் பிள்ளையார் பாட்டு போட்டேன்.

அர்ச்சுனனின் அம்மா ராணியம்மாள் வந்தாள்.

"ஏம்ப்பா செட்டுக்காரா, ஓங்கிப் போடேன். பொண்ணு வூட்டுக்கு எறும்பு நடக்குற மாதிரிகூட கேக்காது போலிருக்குது."

"காதைக் கொடைஞ்சிட்டு வந்து கேளுங்க ஆயா. செட்டு சரியாத்தான் இருக்குது."

"வாயி மட்டும் நல்லா ஓங்கித்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு இருபது. விளக்கு வைக்கிற நேரம். கிணற்றுப் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சேலை முழுக்க நனைந்திருந்தது. சமையலுக்குத் தண்ணீர் சேந்துகிறவள் என்று நினைத்தேன். கையில் குடம் இல்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். கவனித்தும் பெரிதாக நினைக்கவில்லை.

கொட்டாய்க்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்னென்ன ஆல்பம் வச்சிருக்கீங்க?"

பச்சையைக் காட்டினேன். "கல்யாணத்துக்கு இதுதான் நல்லாருக்கும்."

"அது வேணாங்க."

சிவப்பு, நீலம் இரண்டையும் சொன்னேன். இரண்டுக்கும் தலையை ஆட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். வலது காது கீழே கிழிந்திருந்தது. தோட்டைப் பிடித்து இழுத்த மாதிரி. ரத்தம் இல்லை. வெளுத்துப் போயிருந்தது.

"அந்தக் கறுப்பு?"

"அது சாவு வூட்டுக்கு. கல்யாண வூட்டுல கேக்குற கேள்வியா இது? ஒதை வாங்கி வெக்கப் பாக்குறியா?"

"ஒண்ணே ஒண்ணு போடுங்க. எங்க சொந்தத்துக்கு யாரும் சொல்லலீங்க."

"முடியாது, போ."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க" என்றாள்.

நான் ஊசி மாற்றக் குனிந்தேன். நிமிர்ந்தால் ஆள் இல்லை. அவள் நின்ற இடத்தில் மண் நனைந்திருந்தது. வந்த வழியில் ஈரம் இருந்தது. போன வழியில் இல்லை.

கல்யாணத்தைக் கெடுக்க எவளோ பங்காளி வீட்டுக்காரி செய்கிற வேலை என்று நினைத்தேன். நான் யாரையும் அப்படித்தான் நினைப்பேன். கறுப்பு ஆல்பத்தை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

ஏழு முப்பத்தாறு. பச்சை ஆல்பத்தின் மூன்றாவது பிளேட்டைப் போட்டேன். கீறல் வந்தது. "வா... வா... வா..." பிள்ளைகள் சிரித்தார்கள். விரலால் ஊசியைத் தள்ளினேன்.

நகரவில்லை.

"வா... வா..."

இன்னும் அழுத்தித் தள்ளினேன். ஊசி தாண்டிப் போனது. சத்தம் தாண்டவில்லை.

"வா..."

பாடியது ஆண் குரல். இப்போது கேட்டது பெண் குரல்.

பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

'டக்.'

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

'டக்...'

ஒப்பாரி ஆரம்பித்தது. மணி ஏழு நாற்பது.

ஊசிக் கையைத் தூக்கினேன். ஒப்பாரி நிற்கவில்லை.

பிளேட்டைப் பார்த்தேன். சாவி தீர்ந்து நின்றிருந்தது. சுற்றவே இல்லை.

பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

நிற்கவில்லை...

மரத்தின் மேலே 'கிர்ர்ர்' என்று கயிறு முறுக்கும் சத்தம். அண்ணாந்து பார்த்தேன்.

குழாய் திரும்பிக்கொண்டிருந்தது.

காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை.

மெதுவாக... வடக்கேயிருந்து... மேற்கே.

நின்றது.

மேற்கே பொம்மிடி.

'டக்.'

ஏழு நாற்பத்து மூன்றுக்கு ஒப்பாரி அடங்கியது. சரியாக மூன்று நிமிடம். தொடைக்கு அடியிலிருந்த ஆல்பத்தை எடுத்துத் திறந்தேன். முதல் உறை காலி. உறைக்குள் விரலை விட்டேன்.

ஈரம்.

வீடே ஓடி வந்தது. அர்ச்சுனன் என் சட்டையைப் பிடித்தான்.

"வேணும்னே போட்டியாடா?"

"நான் போடலை. ஒயரைப் பாரு, கையில இருக்குது. ஈரச் சேலையோட ஒரு பொம்பளை வந்து கேட்டா. மாட்டன்னுட்டன்."

"எந்தப் பொம்பளைடா?"

"வலது காது கிழிஞ்சிருந்துச்சி. கிணத்துப் பக்கமிருந்து வந்தா."

அர்ச்சுனன் என் சட்டையை விட்டான். ராணியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். ஒருவன் லாந்தரைத் தூக்கிக் கிணற்றுக்குள் காட்டினான். எட்டிப் பார்த்தேன். கிணறு முழுக்க முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. காய்ந்த பழைய முள். ஒரு குச்சி விலகவில்லை. சமையலுக்குத் தண்ணீர் ஊர்ப் பொதுக்கிணற்றிலிருந்து வந்ததாம்.

"சென்னம்மா..." என்றாள் ராணியம்மாள். "இவன் மொத பொண்டாட்டி. போன ஆடியில இதுலதான் உழுந்தா."

"அவ அப்பன் பேரு?" என் வாய் தானாகக் கேட்டது.

"மாது."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. போன ஆடியில் மாது என்று ஒருவன் என் கடைக்கு வந்தான். கிழிந்த துண்டு, புழுதிக் கால். மகள் செத்துவிட்டாள், மாப்பிள்ளை வீட்டில் சத்தமில்லாமல் புதைக்கப் பார்க்கிறார்கள், சொந்தம் மூன்று ஊரில் இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை என்றான். "ஒரே ஒரு பிளேட்டு போடுங்க சாமி, அது போதும்" என்று காலைத் தொட வந்தான். கிணற்றில் விழுந்தவளுக்குப் பிளேட்டு போடுவதில்லை என்று விரட்டிவிட்டேன். அது சாக்கு. அவனைப் பார்த்தால் செட்டு வாடகையை ஒழுங்காகத் தருகிறவனாகத் தெரியவில்லை. அவ்வளவுதான். மாது ஊர் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்களாம். அவள் பக்கத்திலிருந்து ஒரு ஆள்கூட மண் போடவில்லையாம்.

ராணியம்மாள் எழுந்து வந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"உன் பொண்டாட்டி மாசமா இருக்கான்னு வண்டிக்காரன் சொன்னான். கொழாய் உன் ஊரைப் பாக்குதுப்பா. எங்க சைக்கிளை எடுத்துக்கிட்டு போ. செட்டு இங்கியே கெடக்கட்டும். காலையில வந்து எடுத்துக்க."

எனக்கும் போகத்தான் கால் துடித்தது. ஆனால் செட்டைப் பார்த்தேன். இவர்களைப் பார்த்தேன். கல்யாணம் கெட்ட ஆத்திரத்தில் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் செட்டை உடைப்பார்கள், இல்லாவிட்டால் அமுக்கிவிடுவார்கள் என்று தோன்றியது.

பொம்மிடி ஒன்பது மைல். என் குழாய் இரண்டு மைலுக்கு மேல் கேட்காது. அங்கே யாருக்கும் கேட்டிருக்காது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போகவில்லை.

விடியும்வரை பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன். செட்டை யாரும் தொடவில்லை. ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் முதல் பஸ் மேலே செட்டை ஏற்றிக்கொண்டு வந்து, ஆறு ஐம்பதுக்கு பொம்மிடியில் இறங்கினேன். எங்கள் தெருவில் ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள்.

லூர்தம்மாளை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சின்னதாக ஒன்று. ஆண் பிள்ளை.

"எப்ப?" என்றேன்.

"விடியக்காலம் நாலு பத்துக்கு" என்றான் யாகப்பன். "ராத்திரி ஒம்பதுக்கு மேல வலி எடுத்துச்சி. உனக்கு ஆள் அனுப்ப வண்டி கெடைக்கலை."

அவள் மேல் ஏழெட்டு மாலைகள் கிடந்தன. நான் சாவு வீட்டிலேயே பிழைத்தவன். மாலையைப் பார்த்தால் எத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்லிவிடுவேன். நாலு பத்துக்குப் போனவளுக்குப் போட்ட மாலை, ஏழு மணிக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும். இவை வாடித் தொங்கின. ஓரம் கறுத்திருந்தது.

"இது நேத்து ராத்திரி மாலைடா அண்ணா."

யாகப்பனின் தோளைப் பிடித்து உலுக்கினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நேத்து ஏழு நாப்பது இருக்கும். உன் பிளேட்டு கேட்டுச்சி. அந்த டக்கு சத்தத்தோட. இந்த வூட்டுக் கூரை மேலருந்துதான் கேட்டுச்சி. தெருவே கேட்டுச்சிடா. நீ திரும்பி வந்து போடறன்னு நெனச்சம். இந்த வூட்டுல வேற யாரு இருக்குறா... லூர்துதான் போயிடுச்சின்னு, ஆளுக்கொரு மாலை வாங்கிக்கிட்டு, அழுதுகிட்டே ஓடி வந்தம்."

"அப்ப அவ?"

"நல்லாத்தான் இருந்துச்சி. கதவைத் தெறந்துச்சி. கையில சோத்துக் கரண்டி."

சுவரை விட்டு என் பக்கம் திரும்பினான்.

"எங்க கையைப் பாத்துட்டு, 'யாருக்கு மாமா மாலை?'ன்னு கேட்டுச்சிடா."