சாமி மரத்துப் பழம்

ஊரில் என்னைக் கொடுத்துவைத்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் காலையில் என் இடத்தில் நின்று பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய் வந்திருக்காது.

வெள்ளைக்காரன் காலம், கொல்லிமலைக்குச் சாலை வராத நாட்கள். தேவனூர் நாட்டில் எங்கள் சாமைக் காட்டு மேட்டில், ஓடைச் சரிவின் விளிம்பில் ஒரு பலா மரம் நின்றது. சாமிக்கு விட்ட மரம். ஆடி நோன்பியில் முதல் பழத்தைப் படைக்கும்வரை அதில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. மற்ற மரங்களில் எந்நேரமும் எவனாவது ஏறிப் பழத்தை வெட்டித் தள்ளுவான். கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க மாட்டான். அதனால் களையெடுக்கப் போகும் பெண்கள் பிள்ளைக்குத் தூளி கட்டுவது சாமி மரத்தில்தான். அங்கே மேலிருந்து எதுவும் விழாது என்பது எங்கள் நம்பிக்கை.

அந்த வருஷம் ஊரில் ஒரு சாவு விழுந்து, தீட்டால் நோன்பி தள்ளிப்போயிற்று. அது பழத்துக்குத் தெரியுமா? மரத்திலேயே பழுத்துக் கனிந்து, காடெல்லாம் மணத்தது. சாமிக்கு இந்த வருஷம் நல்ல பழம் என்று நாங்கள் பேசிக்கொண்டதோடு சரி. அந்த மணம் வேறு யார் மூக்குக்கும் போகும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இது மூன்றாவது, பெண். இன்னும் தலை நிற்கவில்லை. அவள் தும்மினாலே ஓடிப்போய்த் தூக்கிக்கொள்வேன். அன்று வீட்டுக்காரர் மிளகு மூட்டையோடு விடியலிலேயே முள்ளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கிவிட்டார். மஞ்சு மூடி, எதிரில் இருப்பது தெரியவில்லை. பழகிய கிளையைத் தடவிப் பார்த்துத் தூளியைக் கட்டி, பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, சற்றுத் தள்ளிக் களைக்கொத்தோடு குனிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உஸ் உஸ்ஸென்று யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மூட்டை சுமந்து மேடு ஏறி வருகிற ஆள் என்று நினைத்து நிமிர்ந்தேன். மஞ்சு விலகியிருந்தது. மரத்தடியில் கரடி நின்றது.

முன்னங்கால்களை அடிமரத்தில் ஊன்றி, மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் தோளுக்கு நேரே என் பிள்ளையின் தூளி. கத்தினால் கரடி மிரண்டு கையில் அகப்பட்டதைக் கிழிக்கும். அப்படி முகம் கிழிந்த ஆட்கள் எங்கள் ஊரிலேயே இருந்தார்கள். கத்தாமல் நின்றாலோ, பிள்ளை விழித்துக்கொள்ளும். களைக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே நின்றேன். சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

தூளி அசைந்தது. பிள்ளை சிணுங்கினாள். கரடி காலை இறக்கித் தூளிப் பக்கம் திரும்பி, துணியில் மூக்கை வைத்துத் தள்ளியது. இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது தொப்பென்று ஒரு சத்தம். மரத்திலிருந்து பழம் தானாகக் காம்பு விட்டு விழுந்து, மேட்டு விளிம்பில் பிளந்து, ஓடைச் சரிவில் உருண்டது. கரடி துள்ளிப் பின்வாங்கியது. பிறகு மணம் பிடித்துப் பழத்தின் பின்னாலேயே சரிவில் இறங்கிப் போயிற்று.

எப்படி ஓடினேன், எப்படி முடிச்சை அவிழ்த்தேன் என்று தெரியாது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. என் அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள்.

சாயந்தரம் உப்பும் கருவாடுமாக ஏறி வந்த வீட்டுக்காரர், விஷயத்தைக் கேட்டதும் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"சாமி தன் பழத்தையே குடுத்துப் புள்ளைய மீட்டிருக்குது. நீ கொடுத்து வெச்சவ கண்ணு," என்றார் என் மாமியார்.

"ஆமாங்க அத்தை," என்றேன்.

தூளித் துணியை மடிக்க எடுத்தபோது விரலில் ஏதோ பிசுபிசுத்தது. பலாப்பால். பிள்ளையின் தலை இருந்த பக்கம், சாண் நீளத்துக்கு இழுகியிருந்தது. பழம் துணியை உரசிக்கொண்டுதான் விழுந்திருக்கிறது. மறுநாள் ஆட்களோடு போய் அண்ணாந்து பார்த்தேன். நான் மஞ்சில் தடவித் தூளி கட்டிய இடத்துக்கு நேர் மேலே, பழம் விட்டுப்போன காம்பு ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கரடி தூளியை மூக்கால் தள்ளியிராவிட்டால் என்று எனக்குத் தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் நடை பழகும்வரை முதுகில் கட்டிக்கொண்டேதான் களையெடுத்தேன்.