மூன்று நாள் வாய்தா

வக்கீலம்மாவின் பாசனச் சங்க அலுவலகத்தில் சாமி படமும் கிடையாது, தலைவர்கள் படமும் கிடையாது. சுவரில் ஒரே ஒரு புகைப்படம்தான். சட்டக் கல்லூரியில் அவர் படித்து முடித்த வருடம் எடுத்தது. முன்வரிசை நாற்காலிகளில் பேராசிரியர்கள், பின்னால் மூன்று வரிசையாக மாணவர்கள், ஓரத்தில் ஒல்லியாக இரட்டைச் சடையோடு இவர். அந்த வாய்க்கால் பிரிவுக்கு உதவிப் பொறியாளராக மாற்றலாகிப் போன முதல் நாளே என்னைப் படத்தின் எதிரே உட்கார வைத்து ஒவ்வொருவராகக் காட்டினார். பட்டுக்கோட்டையில் பஸ் கம்பெனி வைத்திருப்பவர், கன்னியாஸ்திரீயாகி ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை நடத்துபவர், கட்சியில் மாவட்டப் பொறுப்புக்கு வந்தவர், வளைகுடாவில் ஒரு கம்பெனியையே கையில் வைத்திருக்கும் பாய் வீட்டுப் பையன். "எங்க செட்டுல நல்லா வாதாடுனவங்க ஒருத்தரும் வக்கீலா இல்லைங்க. வாதாட வராதவங்கதான் கோர்ட்டுல இருக்காங்க" என்றார். தான் எந்த வகை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவரும் நான்கு வருடம் தஞ்சாவூர் சிவில் கோர்ட்டில் ஜூனியராக இருந்தவர்தான். அப்பா காலமானதும் திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே இருந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார். மனு எழுத ஒரு படித்த ஆள் வேண்டுமே என்று சங்கத்தில் செயலாளராகப் போட்டார்கள். இரண்டு வருடத்தில் தலைவராகிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பதைத் தொட்டிருந்தோம். நான் அவரை வக்கீலம்மா என்றேன், அவர் என்னை இன்ஜினியரம்மா என்றார். கடைசி வரையில் அதற்குமேல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

கோர்ட்டிலிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டே பொருள்கள், கறுப்புக் கோட்டும் வாய்தாவும். கோட்டு பீரோவில் தொங்கியது. வாய்தா தினசரிப் புழக்கத்தில் இருந்தது. வரப்பை வெட்டிவிட்டான், மடையை அடைத்துவிட்டான் என்று யார் வந்தாலும் இரண்டு தரப்பையும் முழுக்கக் கேட்பார், நடுவில் பேச விடமாட்டார். கேட்டு முடித்து, தீர்ப்பு வரப்போகிறது என்று இரண்டு பேரும் நிமிர்ந்து உட்காரும்போது, "சரிங்க, வெள்ளிக்கிழமைக்கு வாய்தா" என்பார். அதுவரை எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். அதற்குக் கோர்ட் பாஷையில் ஸ்டேட்டஸ் கோ என்று பெயர் சொல்லி, மினிட் புத்தகத்தில் எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிவிடுவார். திங்கட்கிழமை ஒருவரையொருவர் வெட்டிப் போடுவதாகச் சொன்ன பங்காளிகள் இருவர், வெள்ளிக்கிழமை ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதை நானே பார்த்தேன். வந்தது வழக்குக்காக அல்ல, பயிர்க் காப்பீட்டுப் படிவம் வாங்க. "கோவத்துக்கு ஆயுசு மூணு நாளுங்க. அதுக்குள்ள நாம ஏதாவது சொல்லிட்டா, அது நம்ம பக்கம் திரும்பிடும்" என்பார். முதுகுக்குப் பின்னால் ஊரில் அவருக்கு வாய்தாம்மா என்று பெயர். ஆனாலும் பக்கத்து வாய்க்கால்காரர்கள் தங்கள் தகராறுகளை இங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் முதலில் அவரைத்தான் பேசச் சொல்வார். டெல்டாவின் பாசனச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்புக்கு அடுத்த தலைவர் அவர்தான் என்று எல்லோருமே முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவு. எங்கள் கிளை வாய்க்காலின் நடுவில் ஒரு ஷட்டர் உண்டு. அதை மூடினால் தண்ணீர் எகிறி மேலே உள்ள தலைமடை வயல்களுக்குப் பாயும், திறந்தால் கீழே கடைமடைக்குப் போகும். மேலே ஐந்து நாள், கீழே ஐந்து நாள் என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமடை முறை முடிந்து ஷட்டரைத் திறக்க வேண்டிய காலையில், தலைமடைக்காரர்கள் வந்து ஷட்டர் மேடையில் ஏறி நின்றுகொண்டார்கள். எங்கோ மேலே கரை உடைந்து அவர்கள் முறையில் தண்ணீர் குறைந்துவிட்டதாம், இன்னும் மூன்று நாள் வேண்டுமாம். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் பயிர் முற்றிக்கொண்டிருந்தது. கடைமடையில் தாமதமாக நட்ட பயிர், அப்போதுதான் கதிர் வெளிவந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வெளுத்துப் பதராகிவிடும். கடைமடைக்காரர்களும் மண்வெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது.

வக்கீலம்மா வழக்கம்போல இரண்டு பக்கமும் கேட்டார். கடைமடையில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்ட ஒரு பெண்மணி, நாங்கள் எல்லோரும் குத்தகைக்கார அக்கா என்று அழைப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அம்மா, கதிரு தலையை நீட்டிடுச்சும்மா. மனுசங்களுக்கு வாய்தா சொன்னா கேட்டுக்குவாங்க. பயிருகிட்ட நான் போயி என்னத்தச் சொல்ல?" என்றார். வக்கீலம்மா கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கைகலப்புக்குத் தயாராக இருந்தது. மூன்று நாள் வாய்தா, அதுவரை உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று மினிட் புத்தகத்தில் எழுதினார். கையெழுத்துப் போடும் முன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "என்ன இன்ஜினியரம்மா, மூணு நாள் தாங்கும்ல?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். ஷட்டரைத் திறந்த உடனே தண்ணீர் கடைமடைக்குப் போய்விடாது. காய்ந்து வெடித்துக் கிடக்கும் வாய்க்கால் முதலில் தான் குடிக்கும், பிறகுதான் வயலுக்கு விடும். அதற்கு இன்னும் மூன்று நாள். ஆக மொத்தம் ஆறு. இதைத் தெரிந்துவைத்திருப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்: ஜீப் நின்றது, மேலதிகாரி போன் செய்துகொண்டே இருந்தார், கூட்டம் கலைந்தால் போதும் என்றிருந்தது. எல்லாம் உண்மைதான். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன், வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது என்பது எல்லாவற்றையும்விட உண்மை.

மூன்றாம் நாள் சுமுகமாக முடிந்தது. போதும், திறந்துவிடுங்கள் என்று தலைமடைக்காரர்களே சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து டீ குடித்தார்கள், வாய்தாம்மாவின் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். ஆறாம் நாள் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது. பதினைந்து நாள் கழித்து அவரோடு ஸ்கூட்டரில் அங்கே போனேன். பாதிக்கு மேற்பட்ட வயல்களில் கதிர்கள் தலை குனியாமல் வெள்ளை வெளேரென்று விறைத்து நின்றன. வக்கீலம்மா ஒரு கதிரை உருவி நகத்தால் நசுக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. குத்தகைக்கார அக்கா அழவில்லை. நான் அன்றைக்கே சொன்னேனே என்றும் கேட்கவில்லை. "அறுப்புக் கூலிக்குக்கூட ஆவாதும்மா. மாட்டை அவுத்து விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். திரும்பும்போது வக்கீலம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் சங்கத்தின் பொதுக்குழு. ஞாயிற்றுக்கிழமை, வக்கீலம்மா பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். கூட்டமைப்புத் தேர்தலுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அவரை வாழ்த்திப் பேசத் தலைமடைக்காரர்கள் சால்வையோடு வந்திருந்தார்கள். முன்வரிசையில் என் மேலதிகாரி டைரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைமடை சாகுபடி போனது பற்றி யாரோ மெதுவாக ஆரம்பிக்க, "மேல தண்ணி இல்ல, யாரு என்ன செய்யிறது" என்று தலைமடைப் பெரியவர் ஒருவர் அவரைக் காப்பாற்றப் பார்த்தார். வக்கீலம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்துவிட்டு, "இன்ஜினியரம்மா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார். அவர் கோர்ட்டில் வாதாடி நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"நான் வாய்தா போட்ட அன்னைக்கு ஷட்டர் தெறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்தது."

"தெறந்தா தண்ணி கடைமடைக்குப் போய்ச் சேர எத்தனை நாள்?"

"அப்ப வாய்க்கால் காஞ்சு கெடந்ததுக்கு மூணு நாள்."

"அப்படின்னா நான் எழுதுன மூணு நாள், கடைமடைக்கு ஆறு நாள். சரிங்களா?"

"சரிங்க."

"இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

மேலதிகாரி டைரியிலிருந்து தலையைத் தூக்கினார். தெரியும் என்றேன். அடுத்த கேள்விக்கு வக்கீலம்மா கொஞ்சம்கூட இடைவெளி விடவில்லை.

"மூணு நாள் தாங்குமான்னு நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

கேட்டார். அதை நானும் அவரும் அறிவோம். கேட்டீர்கள், நான் தாங்கும் என்று தலையசைத்தேன் என்று சொன்னால், அன்று மாலையே விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருடம் அது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "இல்லைங்க, கேக்கல" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பிழைத்தோம் என்றிருந்தது.

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்குங்க. ஷட்டர் பக்கத்துலயே இன்ஜினியர் நிக்கிறாங்க, நான் ஒரு வார்த்தை கேக்கல. உள்ளது உள்ளபடி இருக்கட்டும்னு எழுதுனேன். மூடுன ஷட்டரை உள்ளபடி விடுன்னா அது மேல உள்ளவங்களுக்குக் குடுத்த தீர்ப்பு. நான் நடுவுல நிக்கிறதா நெனச்சுக்கிட்டு ஒரு பக்கமா நின்னுருக்கேன். தப்பு என்னுது." பிறகு மூன்று தீர்மானம் என்றார். தண்ணீர் விவகாரத்தில் இனி வாய்தா கிடையாது. அடுத்த வருடத்திலிருந்து முதல் முறை கடைமடைக்கு. தலைவர் பதவியிலிருந்து தான் விலகுகிறேன். கடைசித் தீர்மானத்தில் திகைத்துப் போயிருந்த தலைமடைக்காரர்கள், இரண்டாவதற்கு என்ன ஏது என்று யோசிக்காமலே கையைத் தூக்கிவிட்டார்கள். சால்வையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெளியே அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தபோது ஓடிப்போய், "நீங்க கேட்டீங்களே" என்றேன்.

"கேட்டேன்" என்றார். "அதைச் சொல்லியிருந்தா ஒரு வாரத்துல உங்களை மாத்திடுவாங்க. புதுசா ஒருத்தர் வருவாரு. தலைமடையில ஆளாளுக்கு அவருக்கு போன் போடுவாங்க, அவரும் மொத மொறையை மேல விட்டுடுவாரு. நீங்க விடமாட்டீங்க." கிக்கரை உதைத்தார்.

கூட்டமைப்புத் தலைவர் பதவி அந்த முறை ஒரு ரைஸ் மில் முதலாளிக்குப் போயிற்று. ஆனால் தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்ட அம்மா என்று அவர் கதை வாய்க்கால் வாய்க்காலாகப் பரவியது. டெல்டாவில் தலைமடைக்காரர்களைவிடக் கடைமடைக்காரர்கள் அதிகம். அடுத்த தேர்தலில் அவர்தான் ஜெயித்தார். இன்று தண்ணீர் திறக்கும் தேதி பற்றிப் பேச அதிகாரிகள் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு நாற்காலி போடாமல் ஆரம்பிப்பதில்லை. இதையும் யோசித்துத்தான் அன்று அப்படிச் செய்தாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இருந்தாலும் அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நான் அங்கே மேலும் மூன்று வருடம் இருந்தேன். மூன்று வருடமும் முதல் நாள் அந்த ஷட்டரை நானே நின்று திறந்துவிட்டேன். போன் வரத்தான் செய்தது. எங்கெங்கிருந்தோ வந்தது. முடியாது என்று சொல்லிச் சொல்லி, முடியாது என்று சொல்வது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை என்று கண்டுகொண்டேன். இரண்டாவது வருட அறுவடையின்போது குத்தகைக்கார அக்காவின் களத்துப் பக்கம் போக நேர்ந்தது. நல்ல விளைச்சல். சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "அன்னைக்கு நீங்க தலையாட்டுனதைப் பார்த்துக்கிட்டுத்தாம்மா நின்னேன்" என்றார்.

சொம்பைக் கீழே வைத்தேன்.

"கூட்டத்துல சொல்லிப்புடணும்னுதான் இருந்தேன். முந்தின நாளே வக்கீலம்மா என் வீட்டுக்கு வந்தாங்க. இதைச் சொன்னா உனக்கு என்ன கெடைக்கும், சொல்லாம இருந்தா என்ன கெடைக்கும்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தேன், உக்காந்துட்டேன்."

"இப்ப?" என்று கேட்டேன்.

"தண்ணிதான் ஒழுங்கா வந்துக்கிட்டிருக்கே. வராத வருசம் சொல்றேன்." அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது எனக்குப் பேராவூரணிப் பக்கம் வேலை. கல்லணைக் கால்வாயின் கடைமடை. எங்கோ மேலே யாரோ திறக்கும் ஷட்டருக்காக இங்கே நான் காத்திருக்கிறேன். இந்த வருடமும் தண்ணீர் விட்ட அன்று காலையில், என் பழைய பிரிவில் புதிதாக வந்திருக்கும் பொறியாளருக்கு போன் செய்து கடைமடைக்கு ஷட்டரைத் திறந்தாயிற்றா என்று கேட்டேன்.

"தெறந்தாச்சு மேடம்" என்றார். "ஒண்ணு கேக்கணும் மேடம். காலையில வக்கீலம்மா போன் பண்ணிக் கேட்டாங்க. அப்புறம் கடைமடையிலேர்ந்து ஒரு அம்மா கேட்டாங்க. இப்ப நீங்க. அந்த ஷட்டர்ல அப்படி என்னதான் மேடம் நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல தம்பி, அது அங்க வழக்கம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் என்னால் அவரிடம் உண்மையைச் சொல்ல முடியவில்லை.