பெயர் சுரண்டிய கிட்டார்

வால்வு ஆம்ப்ளிபயர் சூடாகும்போது ஒரு வாசனை வரும். தூசியும் அரக்கும் பழைய மரமும் சேர்ந்து மெதுவாக வேகிற வாசனை. சுவிட்சைப் போட்டதும் அது பாடிவிடாது. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல்கள் ஒவ்வொன்றாகச் செவ்வரி ஓடி, முழுசாய்ச் சிவந்து, பெட்டி லேசாக முனகத் தொடங்கும் வரை காத்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் அந்த வாசனை முதல்முறை கிளம்பிய சாயங்காலம், அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியபடியே மூக்கை உயர்த்தி, "என்னமோ கருகுதுலே" என்றார். அந்தப் பெட்டியைப் பற்றியும், அதில் செருகியிருந்த கிட்டாரைப் பற்றியும், அதை வாசித்த என்னைப் பற்றியும் அவருக்குக் கடைசிவரை இருந்த கருத்து ஏறக்குறைய அதுதான்.

அப்பா பருத்தித் தரகர். சந்தேகப்படுவது அவருக்குக் குணமல்ல, தொழில். கிராமங்களிலிருந்து வந்திறங்கும் பருத்தி மூடையை, நாங்கள் "தாட்டு" என்போம், மேலாகப் பார்த்து அவர் விலை சொன்னதே கிடையாது. சட்டைக் கையை மடித்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பிடுங்கி எடுப்பார். மேலே பூவாய்ச் சிரிக்கும் சரக்கு அடியில் தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றியதாக இருக்கும்; சில சமயம் ஒரு செங்கல்லும் வெளியே வரும். இதே கையோடுதான் வீட்டுக்கும் வருவார். தக்காளிக் கூடையிலும் கை போகும், அரிசி டின்னிலும் கை போகும். நான் வகுப்பில் முதலாவதாக வந்த ஒரே ஒரு தடவை, "எத்தன பேரு பரிச்சைக்கு வரல?" என்று கேட்டார். ஏழு பேர் வரவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கிட்டார் வந்தது சாகுல் மாமா மூலமாக. அவர் மெயின் ரோட்டுக்குப் பின்னால் மைக்செட் கடை வைத்திருந்தார். கூடவே ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்தினார். குழுவில் கிட்டார் வாசித்தவர் கல்யாணம் முடித்துத் திருப்பூருக்குப் போய்விட்டார். போகிறபோக்கில், கடையே கதியென்று கிடந்த எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது மூன்று கார்டுகளும் ஒரு "பிட்"டும். அந்த வருடம் டீக்கடைதோறும் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டின் நடுவில் வரும் கிட்டார் துண்டு அது. இவ்வளவு சரக்கை வைத்துக்கொண்டு, பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில், நான் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞனானேன். வேறு ஆள் இல்லை என்பது என் முதல் தகுதி.

கிட்டார் கோவைப்பழச் சிவப்பு, ஓரமெல்லாம் புகைபிடித்தாற்போல் கருப்பு. வீணைக்கு இருப்பதுபோல் சுரைக்காய்க் கூடு எதுவும் இல்லாத கனத்த முழு மரம். முத்துச்சிப்பி மாதிரி மினுங்கும் ஒரு தகடு. அதில் நான்கு சுவிட்சுகள், இரண்டு எதற்கென்று யாருக்கும் தெரியாது. தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகளும், யாரோ சுரண்டிய தடமும், நிறம் வெளுத்த ஒரு நிழலும்தான் இருந்தன. அப்பாவின் கண் நேராக அங்கேதான் போனது.

"பாய், இது எங்கன கெடச்சது?"

"தூத்துக்குடியில ஒரு கப்பக்காரரு குடுத்துட்டுப் போனாரு அண்ணாச்சி."

"போன வாரம் எஸ்டேட்டுத் தொரைன்னீரு?"

"அந்தத் தொரைதான் அண்ணாச்சி கப்பல்ல போனாரு."

அப்பா அந்த நிழலைக் கட்டைவிரலால் தடவினார். "களவாண்ட மாட்டுக்குத்தான் சூட்டுக்குறிய அழிப்பான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் சுரண்டியவன் போல. சாகுல் மாமா மார்க்கத்தின் மேல் ஆணையிட்டார். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை போட்டார். வருகிற அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் ஊருக்கு முன்னால் பிசகில்லாமல் வாசித்தால் கிட்டார் வீட்டில் இருக்கட்டும். பிசகினால் மறுநாள் காலையில் அது பாய் கடைக்குத் திரும்பிவிடும். பிறகு நான் அந்தக் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

இதில் எனக்கிருந்த சிக்கல் என் சுண்டுவிரல். பிட்டின் கடைசிச் சுரத்துக்கு அதை நன்றாக எட்டி வைக்க வேண்டும். என் சுண்டுவிரலோ குட்டை. எப்போதும் ஒரு கட்டம் முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் அப்பா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து நான் பயிற்சி செய்வேன், தினமும் அதே இடத்தில் சுரம் தவறும். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "விழுந்துட்டான்" என்பார். குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கும் அம்மா அந்தச் சொல் வந்தபிறகுதான் அடுத்த கரண்டியை எடுப்பாள்.

ஆனாலும் அந்த ஆம்ப்ளிபயரில் அந்தக் கிட்டாரை வாசித்த சுகத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. தந்தியைத் தட்டினால் ஓசை உடனே வராது. ஒரு கணம் யோசித்துவிட்டு வரும். வந்தால், சாக்குத்துணி போர்த்திய அந்தப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ நெஞ்சைத் தோளால் தள்ளுவதுபோல் வரும். நானா இது என்று எனக்கே சந்தேகம் வரும்படி வாசிக்க வைத்த பெட்டி அது. பதிலுக்கு அடியும் கொடுக்கும். கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் "சுருக்"கென்று இழுக்கும். எங்கள் பாடகர் மைக்குக்குக் கைக்குட்டை கட்டிவிட்டுத்தான் பக்திப் பாட்டே பாடுவார். இதற்கு வைத்தியம் "எர்த்து". மேடைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, ஒயரைச் சுற்றி, தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரம் இருக்கும்வரை பெட்டி ஒழுங்காக இருக்கும். காய்ந்தால் அதன் புத்தி வேறெங்கோ போய்விடும்.

கொடை பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில். ராத்திரிக் கச்சேரிக்கு மதுரையிலிருந்து பெரிய குழுவைப் பேசியிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மத்தியானக் கொடை முடிந்து, ஊரே சோறு தின்றுவிட்டுக் கண் சொருகும் நேரம். கோடை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் கால் பெருவிரல் உள்ளே போகிற அளவு வெடிப்பு. சாகுல் மாமா அடித்த கம்பி பாட்டியம்மாள் பல்போல ஆடியது.

எங்கள் முறை வந்தது, பாட்டு தொடங்கியது, பிட்டும் வந்தது. அன்றைக்கு என் சுண்டுவிரலுக்கு என்ன வந்ததோ தெரியாது. எட்டிப் போய்ச் சரியான கட்டத்தில் உட்கார்ந்தது. அந்தச் சுரம் குழாய் ஒலிபெருக்கியில் ஏறி, தூங்கிக்கொண்டிருந்த நாலு பேரை எழுப்பியது. பாட்டு முடிந்து, நான் கையை எடுத்துப் பெருமையாக வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கையை எடுத்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். "நீண்ட கருங்கூந்தலுக்கு..." என்று தொடங்கி, கொஞ்சும் குரலில் கூந்தல் தைலம் விற்றாள். அம்மன் சன்னிதியைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் வழியாக அது ஊர் முழுக்கக் கேட்டது. அவள் விற்று முடித்ததும், என் கெட்ட நேரம், நாங்கள் சற்றுமுன் வாசித்த அதே பாட்டு பெட்டியிலிருந்து வர ஆரம்பித்தது.

விழாக் கமிட்டித் தலைவர் பெத்தையா எழுந்தார். "நிறுத்துங்கவே! ரேடியோவ உள்ள ஒளிச்சு வச்சுக்கிட்டு, பய சும்மா கைய ஆட்டிக்கிட்டு நிக்கானா?"

சாகுல் மாமா பதறினார். "ரேடியோ இல்ல அண்ணாச்சி. எர்த்து பிடிக்கல. மண்ணு வெடிச்சுக் கெடக்கு, கம்பி ஆடுது. அதான் சிலோன் ஸ்டேஷன் தானா வந்து விழுது."

"ஏவே, எங்க மண்ணு மேலயே பழியப் போடுதீரா? பருத்தி வெளையுத மண்ணுவே இது!"

"மண்ணுக்குள்ள இருந்து பொம்பள தைலம் விக்காளாக்கும்" என்று ஒரு அக்கா சொல்ல, பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"ஒரு கொடம் தண்ணி குடுங்க, கம்பிக்கு ஊத்துனா எல்லாம் சரியாப் போயிரும்" என்றார் மாமா.

"குடிக்கவே தண்ணியக் காணோம், கம்பிக்குத் தாகமா?"

பெத்தையா ஒரு சோதனை வைத்தார். பெட்டியை அணைத்துவிட்டு வாசிக்க வேண்டும். நிஜ வாத்தியமாக இருந்தால் சத்தம் வரட்டும். நியாயமாகத்தான் பட்டது. நாதசுரம் பெட்டி இல்லாமல் கேட்கிறது, மேளமும் கேட்கிறது. பெட்டியை அணைத்தார்கள். நான் உயிரைக் கொடுத்து வாசித்தேன். கூடு இல்லாத முழு மரம் அல்லவா, சீப்புப் பல்லை நகத்தால் சுரண்டினாற்போல் "டிக், டிக்" என்றது. ஊர் கொல்லென்று சிரித்தது. "வெறும் கட்டையத் தோள்ல மாட்டிவிட்டிருக்கான்" என்றார் ஒருவர்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பா வந்தார். பசுவந்தனையில் வேலை இருக்கிறது என்றுதான் காலையில் சொல்லியிருந்தார். அந்த ஊர்ப் பருத்தி எல்லாம் அவர் கை நுழைந்த பருத்தி. ஆகவே அவருடைய சந்தேகத்தின் மேல் ஊருக்கு முழு நம்பிக்கை. "தரகரு வந்துட்டாரு. அவரே கைய விட்டுப் பாக்கட்டும்" என்று வழிவிட்டார்கள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் குனிந்தார்.

"அண்ணாச்சி, கைய விடாதீய! தூக்கிப் போட்டுரும்!" என்று அலறினார் சாகுல் மாமா. அலறியதும் சந்தேகம் இரண்டு மடங்கானது.

அப்பா நிதானமாக நிமிர்ந்தார். பெட்டியைப் போடச் சொன்னார். குழல்கள் சிவந்தன, அந்தப் பெண் மறுபடி பேசினாள். அப்பா வந்து என் கிட்டாரின் தந்திகள்மேல் உள்ளங்கையை அழுத்தினார். பேச்சு நின்றது. கையை எடுத்தார், பேசினாள். என்னை வாசிக்கச் சொல்லிக் கையை அழுத்தினார், அதுவும் நின்றது. "பாத்தியளா, ரெண்டும் ஒரே சரக்குதான்" என்றார் பெத்தையா. எனக்குக் கண் முட்டியது. கிட்டார் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன்.

"ஏலே, அந்தப் பிட்ட இன்னொருக்க வாசி" என்றார் அப்பா. சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பதுபோல் தரையைப் பார்த்து நின்றார்.

வாசித்தேன். கடைசிச் சுரத்துக்குச் சுண்டுவிரல் கிளம்பியது, ஒரு கட்டம் முன்னாலேயே உட்கார்ந்தது.

"விழுந்துட்டான்" என்றார் அப்பா, பழக்கத்தில். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "கேட்டியளா? ரேடியோவுல வாசிக்கவன் இப்பிடி விழுவானாய்யா? இது எங்க வீட்டுத் தப்பு. தெனமும் சோறு திங்கும்போது கேக்கேன். வாசிக்கது எம் மவன்தான்."

பெத்தையா லேசில் விடவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி விழுந்தேன். மூன்றாவது தடவை, நான் விழும் இடத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த ஊர் ஒரே குரலில் "விழுந்துட்டான்!" என்று கத்தியது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. தைலம் விற்ற பெண்ணைக் கேலி செய்த அக்காவே, பந்தியில் கை கழுவிய தண்ணீர் இருந்த அண்டாவைக் கொண்டுவந்து கம்பியில் கவிழ்த்தார். பெட்டி ஒரு முனகலோடு அடங்கியது. மிச்சக் கச்சேரியை ரசம் வாசனையோடு முடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் கிட்டாரை மடியில் நிறுத்திக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிசகினால் கிட்டார் போகும் என்பது நிபந்தனை; ஊரே சாட்சியாக மூன்று முறை பிசகியிருக்கிறேன். எட்டயபுரம் விலக்கு தாண்டியதும் அப்பா வாயைத் திறந்தார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் குரலைத் தாழ்த்தி, "ஆமா, மொதல்ல ஒருக்க தப்பில்லாம வந்துச்சே, அது ரேடியோதானலே?" என்று கேட்டார்.

நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை.

இப்போது சாகுல் மாமா இல்லை. அவருடைய கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஆம்ப்ளிபயரின் குழல்கள் கிடைக்காமல் போய், பெட்டி பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் ஏறியது. கிட்டார் மட்டும் இருக்கிறது. போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு தம்பி தேடி வந்தார். பழைய கிட்டார்கள் சேகரிக்கிறவராம், இது அபூர்வமான சாதியாம். தலைப்பகுதியின் வெளுத்த நிழலை டார்ச் அடித்துப் பார்த்து, "பேரு ஏன் சார் இல்ல? ஒரிஜினல்தானா?" என்றார். கப்பல்காரரைச் சொன்னேன், எஸ்டேட் துரையையும் சொன்னேன். அவர் முகம் அப்பாவின் முகம் மாதிரியே போனது.

உள்ளங்கை அளவு ஒரு பெட்டியை எடுத்து மாட்டி, வாசித்துக் காட்டச் சொன்னார். பழைய வால்வு ஓசையை அப்படியே தருமாம். தந்தது. ஆனால் வாசனை வரவில்லை. தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். தைலம் விற்க யாரும் வரவில்லை. அவ்வளவு சுத்தமான நிசப்தம் எனக்கு நம்பும்படியாக இல்லை. அதே பிட்டை வாசித்தேன். இத்தனை வருடத்தில் தலை நரைத்ததே தவிர, சுண்டுவிரல் வளரவில்லை.

"அந்த இடத்துல ஏதோ தேஞ்சிருக்கு சார்" என்றார் தம்பி, கிட்டாரைச் சந்தேகித்து.

அது எந்த வீட்டுத் தப்பு என்று சாட்சி சொல்ல அப்பா இல்லை. மறுபடி வாசித்தேன். சரியாக அதே இடத்தில், என்னையறியாமல், "விழுந்துட்டான்" என்றேன்.

"யாரு சார்?" என்று கேட்டு, அந்தத் தம்பி ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார்.